பவழவீதியில் அவிழ்ந்த கொத்து

நிறுத்துக.

இவ்வோலை ஏந்தி வரும் குதிரை சங்குத்துறைக் கோட்டை வாசலைத் தாண்டும் இந்த நேரத்தில், உங்கள் ஊரின் எந்தத் தெருவில், எந்தக் கை வேப்பங்கொத்தை அவசர அவசரமாக அவிழ்த்துக்கொண்டிருந்தாலும், அந்தக் கை அப்படியே நிற்க. முடிச்சில் விரல் இருந்தால் விரல் முடிச்சிலேயே இருக்க. ஓலை முழுவதும் வாசித்து முடியும்வரை ஒரு கொத்தும் இறங்கலாகாது. ஒரு கதவும் சாத்தலாகாது.

மங்கலம் பெருகுக. மலையும் கடலும் எல்லையாய், மாந்தர் உரிமையே வேலியாய் நின்ற ஆழிமலை நாட்டை முறை வழுவாது ஆண்டருளும் பேரரசியார், வான்மேட்டு அரண்மனையில் வீற்றிருந்து வழக்குக் கேட்டருளும் முத்தணி மாதேவியார், திருவாய் மலர்ந்தருளியபடி, சங்குத்துறை நகரத்தார் சபைக்கும், சபைத் தலைவர் எட்டி காரியனாருக்கும், வீடுடையோருக்கும் வீடு வேண்டுவோருக்கும் இருவருக்கும் நடுவே நின்று பேசி முடிப்போருக்கும் எழுதுவித்த ஓலை. உங்கள் கலங்கள் கரை சேர்க. உங்கள் உலைகள் பொங்குக. உங்கள் கூரைகள் ஒழுகாதிருக்க.

வாழ்த்து இதைவிட நீளமாக இருப்பதே வழக்கம். இம்முறை நேரமில்லை. கழிமுகத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. ஓடம் நிற்பதற்குள் ஒருவன் இக்கரை சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் அவன் கால் போய்விடும்.

இவ்வோலையின் படிகள் நாட்டின் பிற ஊர்களுக்கும் போவதால், வேற்றூரார் விளங்கிக்கொள்ளும் பொருட்டுச் சங்குத்துறை வழக்கத்தைச் சொல்லிவிடுவது நல்லது. அவ்வூரில் வீட்டை வாடகைக்கு விடுவோரும் விற்போரும் வாசல் நிலையில் வேப்பங்கொத்து கட்டுவர். கொத்து தொங்கும் வாசலுக்கு யார் முதலில் வந்து, கேட்ட வாடகைக்கோ விலைக்கோ ஒப்புகிறாரோ, வீடு அவருக்கே. அவர் எந்தக் குடி, எந்தக் கரை, எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறவர், வீட்டில் கைக்குழந்தை உண்டா, படுத்த படுக்கையானவர் உண்டா என்று கேட்கும் உரிமை வீட்டை உடையவருக்கு இல்லை. இது பேரரசியாரின் பாட்டனார் காலத்துச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் சங்குத்துறையார் கெட்டிக்காரர்கள். சட்டம் கொத்தில்தான் இருக்கிறது, வீட்டில் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். வேண்டாத முகம் தெருமுனையில் தெரிந்ததும் கொத்தை அவிழ்த்து உள்ளே போட்டுக்கொள்வார்கள். முகம் மறைந்ததும் மறுபடி கட்டுவார்கள். ஒரே இழுப்பில் அவிழும்படி போட்ட கயிற்றுக்கு உங்கள் கடைத்தெருவில் 'வாசல் முடிச்சு' என்று பெயர் வைத்து விற்கிறார்கள். அரசியார் அதில் ஒன்றை வரவழைத்து இழுத்துப் பார்த்தார். நன்றாகவே அவிழ்கிறது.

இனி வழக்கு.

வீடு, மனை பற்றிய முறையீடுகளைக் கேட்க அரசு வைத்திருக்கும் அதிகாரி மனைநாயகம் ஆலத்தூர்க் கண்டனார். வயதானவர். அலுத்தவர். வந்த முறையீடுகளில் பாதிக்கு அவரால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. கொத்தே கட்டவில்லை என்று உடையவர் சொல்வார். தொங்கியதைப் பார்த்தேன் என்று வந்தவர் சொல்வார். சாட்சி கேட்டால் தெரு முழுவதற்கும் அன்றைக்குக் கண் தெரியாது. காலையில் எழும்போதே கண்டனாருக்கு வாய் கசந்துவிடும். பதவி மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஆலத்தூருக்கே போய் வாழை வைக்கலாம் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருப்பவர்.

அவர் முன்னால் எயினி வந்து நின்றாள். உப்பங்கழிக்கு அக்கரையில் குடிசை போட்டு உப்பு வாருகிற மக்களில் ஒருத்தி. அவள் கணவன் அந்துவன் பாய்மரத்திலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்து கிடக்கிறான். பவழவீதி எலும்பு வைத்தியர் மோசி கட்டுப் போட்டார். நாள்தோறும் ஓடமேறிப் போய்க் கட்டைப் பிரித்து, எண்ணெயிட்டு, மறுபடி கட்டுகிறார். மழை இறங்கினால் ஓடம் நின்றுவிடும். ஒரு வாரம் கட்டு மாற்றாமல் கிடந்தால் கால் அழுகும், அதற்குள் இவனை என் தெருப்பக்கம் கொண்டுவந்துவிடு என்று மோசி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்காக வீடு தேடினாள் எயினி. வாடகை கையில் இருந்தது. உறவெல்லாம் சேர்ந்து கொடுத்தது. வீடுதான் இல்லை; அவள் தெருவில் கால் வைத்ததும் கொத்தெல்லாம் பறந்துவிட்டன.

இங்கிருந்து, பேசியவர்கள் பேசியது பேசியபடியே எழுதப்படுகிறது. அரண்மனைத் தமிழில் வெளுத்துக் காயப்போட்டால் கறை தெரியாமல் போய்விடும் என்பது அரசியார் கருத்து.

"எந்த வாசலில்?" என்று கண்டனார் கேட்டார்.

"எல்லா வாசல்லயும்தான். ஒண்ணு மட்டும் சொல்லணும்னா, வைத்தியர் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி, பவழமல்லி மரம் நிக்கிற வீடு. அதுதான் ஐயா எனக்குத் தோது. அவரைத் தூக்கிட்டு அலைய வேணாம்."

"சாட்சி உண்டா?"

"கொத்து உண்டு. அதைத்தான் உள்ளே போட்டுக்கிட்டாங்களே."

கண்டனார் அவளைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவர் பெருமூச்சு விட்டு, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிடுவார். அன்றைக்கு ஏனோ பெருமூச்சு வந்ததே தவிர, அந்தச் சொல் வரவில்லை. பட்டு மேலாடை ஒன்றை இரவல் வாங்கிப் போர்த்திக்கொண்டார். சந்தனம் பூசிக்கொண்டார். "நீ மறுபடி போய்க் கேள். நான் எதிர்த்த மோர்ப்பந்தலில் நிற்கிறேன்" என்றார்.

பந்தலில் நின்று அவர் கண்ணால் கண்டது இது. பவழமல்லி வீட்டு வாசலில் கொத்து பச்சையாய்த் தொங்கியது. எயினி முனை திரும்பினாள். எதிர்வீட்டில் புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். உடனே உள்ளிருந்து, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேலாள் சேந்தன் பாய்ந்து வந்தான். கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தான். கொத்து கையோடு போயிற்று. எயினி வாசலை அடைந்தபோது சேந்தன் ஒன்றுமறியாதவன் போல் நிலையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வீடு இல்லம்மா. நேத்தே முடிஞ்சு போச்சு."

"இப்பத்தானே அண்ணே கொத்து தொங்குச்சு? முனையில இருந்து பாத்துக்கிட்டே வரேன்."

"அது வாடகைக்குக் கட்டினதில்ல. உள்ள அம்மை போட்டிருக்கு."

"யாருக்கு? வீடுதான் காலியாச்சே!"

"உனக்கு என்னத்துக்கு அதெல்லாம்? போ, போ. அந்தண்டை போய்க் கேளு. உங்க ஆளுங்களுக்கு வீடு குடுக்கிற தெரு வேற."

எயினி திரும்பி நடந்தாள். அவள் முதுகு மறைந்ததும் கொத்து பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கண்டனார் மோரைக் குடித்து முடித்துவிட்டு, மேலாடையைச் சரிசெய்துகொண்டு வாசலேறினார்.

"வாங்கய்யா, வாங்க! வெயில்ல நிக்கலாமா? உள்ள வாங்க" என்று சேந்தன் இடுப்பில் சுற்றிய துண்டை அவிழ்த்துத் திண்டைத் தட்டிப் போட்டான். "கிழக்குப் பாத்த வாசல். கிணத்துத் தண்ணி கல்கண்டு. பக்கத்துல எல்லாம் நம்ம மாதிரி ஆளுங்க."

"நம்ம மாதிரி என்றால்?"

"அதான்யா... நம்ம மாதிரி."

"உள்ளே யாருக்கோ அம்மை என்று கேள்விப்பட்டேனே?"

"அம்மையா? எந்த அம்மை? இந்த வீட்டுல கொசு கூடக் கிடையாது ஐயா."

"எங்கள் வீட்டில் கால் முறிந்த தம்பி ஒருவன் இருக்கிறான். படுத்த படுக்கை."

"அதனாலென்ன! வைத்தியர் மோசி வீடு நாலு வாசல் தள்ளி. தம்பிக்குன்னே கட்டின வீடு மாதிரியில்ல இருக்கு!"

கண்டனார் கையை மேலாடைக்குள்ளிருந்து எடுத்து மோதிரத்தைக் காட்டினார். சேந்தன் அதை ஒரு தடவை பார்த்தான். கொத்தை ஒரு தடவை பார்த்தான். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் என்ன ஐயா செய்வேன்? என் வீடா இது? உடையவங்க சொன்னதைச் செஞ்சேன்."

"உப்பங்கழியாருக்குத் தராதே என்று சொன்னார்களா?"

"அப்படி வாய்விட்டு யார் சொல்வாங்க? 'நல்ல ஆளாப் பாத்து விடு'ன்னு சொல்லி விட்டாங்க. எனக்குப் புரியாதா?"

"உடையவர் யார்?"

சேந்தன் எழுந்து வந்து கண்டனாரின் காதில் சொன்னான்.

அதைக் கேட்ட மனைநாயகம் சுவரில் சாய்ந்துகொண்டார். இரவல் பட்டில் சுண்ணாம்பு அப்பிக்கொண்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை. இத்தனை காலம் சாட்சி கிடைக்காமல் தோற்றவர். இன்று கண்ணால் கண்ட சாட்சியே அவர்தான். ஏன் இதைக் கண்டோம் என்று இருந்தது அவருக்கு. அந்தப் பெயர் என்ன என்பது இவ்வோலையில் சொல்லப்படும்; வேண்டிய இடத்தில்.

மறுநாள் சபை கூடியது. சபையில் நடந்தது உங்களுக்கே தெரியும். இருந்தாலும் கேட்டுக்கொள்க, பிறர் வாயால் கேட்கும்போது வேறுமாதிரி ஒலிக்கும்.

சேந்தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். இதற்குச் சட்டம் வைத்த தண்டனை, மறுக்கப்பட்டவரின் சாமான்களை ஊர் பார்க்கத் தன் தோளில் சுமந்து அதே வீட்டில் கொண்டுபோய் இறக்குவது. இறக்கட்டும் என்றீர்கள். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் தலைவர் எட்டி காரியனார் மேலும் ஒன்று சொன்னார். குற்றம் மேலாளுடையது, உடையவர் மேல் ஒன்றுமில்லை. ஆகவே அவர் வாய்ச்சொல் வராமல் அவர் வீட்டைத் திறந்துவிட முடியாது. சேந்தனே கேட்டனுப்பட்டும், பதில் வரட்டும் என்றார். அதாவது, சாமானைச் சுமக்க ஆள் கிடைத்தது. இறக்கத்தான் இடம் கிடைக்கவில்லை.

கண்டனார் எழுந்தார். "சேந்தன் தானாகச் செய்யவில்லை. உடையவர் சொல்லித்தான் செய்தான். பொறுப்பு அங்கே இருக்கிறது."

"என்ன சொன்னார் உடையவர்?" என்றார் எட்டி காரியனார். "நல்ல ஆளாப் பார்த்து விடு என்றார். இதிலே என்ன ஐயா குற்றம்? நான் சொல்வதில்லையா? இங்கே இருக்கிறவர்களில் சொல்லாதவர் யாராவது உண்டா? இருந்தால் கையைத் தூக்கட்டும்."

ஒரு கையும் எழவில்லை. சபையில் சிரிப்பு எழுந்தது.

பின்வரிசையிலிருந்து எயினி கேட்டாள்: "நாங்க கெட்ட ஆளுன்னு யாருங்க பாத்தது?"

"உன்னை யாரும் கெட்டவள் என்று சொல்லவில்லையே, அம்மா."

"சொல்லலை. அதான் வயிறு எரியுது. சொல்லியிருந்தா பதில் சொல்லியிருப்பேன்."

சேந்தன் தலையிலடித்துக்கொண்டான். "சொன்னவங்க மெத்தையில கிடக்காங்க. செஞ்சவன் தெருவுல மூட்டை தூக்கணும். நல்லாயிருக்கு ஐயா உங்க தீர்ப்பு."

உடையவர் பெயரைச் சொல்லவேண்டும் என்று கண்டனார் வாயெடுத்தார். தலைவர் உள்ளங்கையை உயர்த்தினார். "பெயர் வேண்டாம், மனைநாயகமே. பெரிய இடமென்றால் நமக்கு வம்பு. சின்ன இடமென்றால் அது நமக்கெதற்கு?"

சபை கலைந்தது. வெளியே வந்த எயினியிடம் கண்டனார், நான் வான்மேட்டுக்குப் போய் அரசியார் முன் வழக்கை வைக்கிறேன், பொறுத்துக்கொள் என்றார்.

"நான் பொறுத்துக்குவேன் ஐயா. தண்ணி பொறுத்துக்குமா? அதுக்குச் சபை கிடையாது, தலைவர் கிடையாது. ஏறணும்னா ஏறிடும்."

வான்மேட்டு வழியில் கண்டனாருக்கு உடம்பெல்லாம் வலி. மனத்தில் அதைவிட வலி. இந்தப் பெயரை அரசியார் காதில் போட்டால் தன் பதவி என்ன ஆகும் என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. பதவியை விட்டுவிட அவரே ஆசைப்பட்டவர். அவர் பயம் வேறு. வழக்கு மெல்ல மெல்லக் கிடப்பில் போய்விடும். பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சொல்லை எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பியவர் அவர். அதன் எடை அவருக்குத் தெரியும்.

அரண்மனை வாசல் வரை வந்து திரும்பினார். சுக்குநீர் விற்பவளிடம் ஒரு குவளை வாங்கிக் குடித்தார். மறுபடி வந்தார். மறுபடி திரும்பினார்.

வாயிற்காவலன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். "என்ன மனைநாயகம், உள்ளே போறீங்களா, வெளியே போறீங்களா? கதவைப் பிடிச்சுப் பிடிச்சு எனக்குக் கை நோகுது."

கண்டனார் வானத்தைப் பார்த்தார். கிழக்கே மேகம் கறுத்துக் கிடந்தது. அது சங்குத்துறை இருக்கும் திசை. "உள்ளே" என்றார்.

பேரரசியார் முன் அவர் வழக்கை வைத்தார். எயினி, அந்துவன், கொத்து, சேந்தன், சபை என்று எல்லாவற்றையும் சொன்னார். உடையவர் பெயரை மட்டும் சொல்லவில்லை. தீர்ப்பு முதலில் வேண்டும், பெயர் பிறகு வரட்டும் என்று விண்ணப்பித்துக்கொண்டார்.

அரசியார் கேட்டருளினார்: "நல்ல ஆளாய்ப் பார்த்து விடு என்பது குற்றமா, கண்டனாரே? வீட்டைக் கொடுக்கிறவர் நல்லவர் கையில் கொடுக்க நினைப்பது இயல்புதானே?"

"இயல்புதான், தாயே. வாடகை ஒழுங்காகத் தருவாரா, சுவரை இடிக்காமல் இருப்பாரா என்று பார்ப்பதில் பிழையே இல்லை. ஆனால் சேந்தன் அதைக் கேட்கவே இல்லை. எயினி கையில் வாடகை இருந்ததை அவன் பார்க்கவும் இல்லை. தெருமுனையில் அவள் புடவைக் கட்டைப் பார்த்தான், கொத்தை அவிழ்த்தான். 'நல்ல ஆள்' என்றால் யார் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை."

"அது அவன் மனத்தின் பிழை."

"அவன் அப்படித்தான் புரிந்துகொள்வான் என்று சொன்னவருக்குத் தெரியும், தாயே. தெரிந்ததால்தான் அதற்கு மேல் சொல்லவில்லை. தெரியாதென்றால், தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் இருக்கிறவர் அவர்."

அரசியார், "உடையவரே பொறுப்பு. மேலாளின் கை உடையவரின் கை. இதுவே தீர்ப்பு" என்றருளினார். "இப்போது சொல்லும். எட்டி காரியனாரா?"

"அல்லர்."

"பெரிய இடமா?"

"எட்டி காரியனாரும் எழுந்து நிற்கிற இடம், தாயே. அதனால்தான் வாசலில் தயங்கினேன். தீர்ப்பு வந்துவிட்டது. இனித் தயக்கமில்லை."

பெயரைச் சொன்னார். ஓலை எழுதுவோர் அழைக்கப்பட்டனர். கண்டனார் அனுமதி கேளாமலே ஒரு தூணடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவரை எழுப்பவேண்டாம் என்று ஆணை.

ஆகவே நகரத்தார் அறிக.

சட்டம் இனிக் கொத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறது. வாடகைக்கோ விலைக்கோ வீடு உண்டு என்று ஒருவரிடம் ஒருமுறை வாய் திறந்தவர், அடுத்து வருபவரிடம் இல்லை என்று சொல்லலாகாது. கொத்து தொங்கினாலும் தொங்காவிட்டாலும் இதுவே முறை. அக்கரையாருக்கு ஒரு வாடகை, இக்கரையாருக்கு ஒரு வாடகை என்று வைத்தலும், வேறொரு தெருவைக் காட்டிப் போகச் சொல்லுதலும், முறம் தட்டி எச்சரித்தலும், பக்கத்து வீட்டார் திரண்டு வந்து இவருக்கு விற்காதே என்று உடையவரை மிரட்டுதலும், கொத்தை அவிழ்த்த குற்றத்துக்கு ஒப்பான குற்றங்களே. நடுவில் நின்று பேசி முடிப்பவர், உடையவர் சொன்னார் என்று ஒதுங்கவும் முடியாது. உடையவர், மேலாள் செய்தான் என்று ஒதுங்கவும் முடியாது. நோயாளியோ நடக்க மாட்டாதவரோ குடிவந்தால், கட்டில் நுழைய வாசற்படியைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ளவோ பிடித்து நடக்கக் கயிறு கட்டிக்கொள்ளவோ உடையவர் தடை சொல்லலாகாது. செலவு குடியிருப்பவருடையது, காலி செய்யும்போது முன்போல் ஆக்கிவிட்டுப் போவதும் அவருடையதே.

குடியிருப்போரும் அறிக. உரிமை வந்தது என்று கூரைமேல் ஏறி ஆடவேண்டாம். ஒத்துக்கொண்ட நாளில் வாடகை தருக. சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஆளைச் சேர்ப்பதானால் சொல்லிவிட்டுச் சேர்க்க. ஒழுகினால் ஒழுகிய அன்றே சொல்க. சுவர் ஊறிய பிறகு உடையவரைத் திட்டிப் பயனில்லை. போவதானால் முன்கூட்டிச் சொல்லிப் போக. விற்பவர், கிணறு வற்றுவதையும் நிலம் இறங்குவதையும் மறைக்காமல் சொல்லி விற்க; வாங்குபவர், பேசிய விலையைப் பிறகு குறைக்கத் தெருவில் புரளி கிளப்பாதிருக்க. இவையெல்லாம் புதியவை அல்ல. முன்னமே பலமுறை எழுதப்பட்டவை. மறுபடி எழுதவேண்டியிருக்கிறதே என்பதுதான் எழுதுகிற கைக்கு அலுப்பு. இன்னொரு முறையும் எழுதவேண்டிவரும் என்று கண்டனார் சொல்கிறார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது.

பவழவீதி வீடு எயினிக்கும் அந்துவனுக்கும் உரியது. அவள் வாடகை தரும் நாள்வரை அவளை யாரும் வெளியேற்றலாகாது. சேந்தன் மீதிருந்த சுமக்கும் தண்டனை நீக்கப்பட்டது. அவன் கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தரையைத் துடைத்துவைக்க. வைத்தியர் மோசி எண்ணெயோடு வாசலில் காத்திருக்க. சுமக்க வேண்டியவர் உடையவர்.

அவர் பெயரைச் சபையில் கேட்க மறுத்தீர்கள். இப்போது கேட்டுக்கொள்க.

அந்த வீடு ஒரு தாய் தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. மகள் அதில் குடியிருந்ததில்லை. பவழமல்லி மரம் உண்டென்பதைக்கூட இப்போதுதான் அறிந்தார். குடி வைக்கலாமா என்று கேட்டு ஆள் வந்தபோது தோழியர் கூந்தல் வாரிக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்துகூடப் பாராமல், நல்ல ஆளாய்ப் பார்த்து விடச் சொல் என்றார். அந்தச் சொல் கைமாறிக் கைமாறிச் சேந்தனிடம் வந்து சேர்ந்தது. கண்டனார் பெயரைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. தண்டனையைக் குறைக்கச் சொல்லவும் இல்லை. தீர்ப்புச் சொன்ன வாயும் அதுவே ஆனபடியால் மறுக்க வழியுமில்லை.

உடையவர், ஆழிமலை நாட்டுப் பேரரசியார் முத்தணி மாதேவியார்.

இது அவர் கையெழுத்து. இது அவர் முத்திரை. இதன்படி நடக்க, நடவாதவர் நாட்டுக்கு அயலார்.

ஓலை வாசிப்பவர் இங்கே நிறுத்தி, சாளரத்தின் வழியாக ஓடத்துறைப் பக்கம் பார்க்க. குதிரைக்குப் பின்னாலேயே பேரரசியாரின் பல்லக்கு புறப்பட்டது. நீங்கள் வாழ்த்துரையைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே அவர் அக்கரை போய், இதற்குள் அந்துவன் கிடக்கும் கட்டிலோடு ஓடத்தில் திரும்பியிருப்பார். கட்டிலின் தலைமாட்டை அவர் பிடித்திருக்கிறார். கால்மாட்டை எயினி பிடித்திருக்கிறாள், அவள் களைத்திருப்பாள்.

எட்டி காரியனார் எழுந்து போய்க் கால்மாட்டை வாங்கிக்கொள்க.